அடித்தால்தான் மெடல் வருமா?

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. நன்றாக ஓடுவாள். அவளுடைய கோச் டைமிங் வராவிட்டால் விசில் கயிற்றால் அடிக்கிறார். எடை கூடினால் எல்லோர் முன்னாலும் திட்டி, அன்று ராத்திரி சாப்பிடக் கூடாது என்கிறார். ஆனால் அவரிடம் பயின்ற பிள்ளைகள் மாநில அளவில் மெடல் வாங்கியிருக்கிறார்கள். ‘அடியாத மாடு படியாது’ என்கிறார் என் கணவர். மகளும் ‘சார் என் நல்லதுக்குத்தான் அடிக்கிறார்’ என்கிறாள். கண்டிப்புக்கும் கொடுமைக்கும் எல்லை எங்கே இருக்கிறது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது எல்லையைத் தாண்டிப் போய் ரொம்ப நாளாகிவிட்டது, அம்மா. காலை ஐந்தரைக்கு கிரவுண்டில் நிற்க வேண்டும், ஸ்டார்ட் சரியாக வரும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டும், ஷூ கொண்டுவரவில்லை என்றால் இன்று ப்ராக்டிஸ் இல்லை, இதெல்லாம் கண்டிப்பு. கயிற்றால் அடிப்பதும் பட்டினி போடுவதும் கொடுமை. 12 வயதுப் பெண்ணுக்கு எடை கூடுவது வளர்ச்சி. அந்த வயதில் பசியோடு ஓடவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு பலவீனமாகும். இது தெரியாத ஒருவர் பெண் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கவே கூடாது.

மெடல் வாங்கியவர்களைச் சொன்னீர்கள். அதே கோச்சிடம் அடி வாங்கி, ஆறு மாதத்தில் கிரவுண்டை விட்டே ஓடிப்போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களுடைய படத்தை யாரும் ஃபிளக்ஸில் போடுவதில்லை.

தென் கொரியாவைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் அள்ளிக் குவிக்கும் நாடு. அங்கே சோய் சுக்-ஹியோன் என்று ஒரு டிரையத்லான் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) வீராங்கனை, கியோங்ஜு நகராட்சி அணிக்காக ஆடியவர். சாப்பாட்டோடு ஒரு கோலா குடித்து எடை கூடிவிட்டது என்பதற்காக, 2 லட்சம் வோன் (கொரியப் பணம்) விலைக்கு ரொட்டி வாங்கிவைத்துத் தின்ன வைத்திருக்கிறார்கள். அடி உதை தனி. அடி விழுவதை அவர் ரகசியமாக ஒலிப்பதிவும் செய்து வைத்திருந்தார். போலீஸுக்குப் போனார், ஒலிம்பிக் கமிட்டிக்குப் போனார், டிரையத்லான் சங்கத்துக்கும் போனார். ஒருவரும் அவசரம் காட்டவில்லை. 2020 ஜூன் 26 அன்று, 22 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்கு முன் அம்மாவுக்கு அனுப்பிய செய்தியில், அவர்கள் செய்த குற்றங்களை வெளிக்கொண்டு வரும்படி கேட்டிருந்தார். அதற்குப் பிறகுதான் கோச்சுக்கு 7 ஆண்டு சிறை. ‘டீம் டாக்டர்’ என்று சொல்லிக்கொண்டு அடித்த ஆளுக்கு விசாரணை நீதிமன்றத் தீர்ப்பில் 8 ஆண்டு, அவரிடம் மருத்துவ லைசென்ஸே இல்லை.

பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இந்தப் பெண் வாய் திறந்தாள், ஆதாரத்தோடு திறந்தாள். சங்கங்களுக்கு வேண்டியது மெடல், மெடல் கொண்டுவருபவர் கோச், அப்புறம் அவர் மேல் வரும் புகாரை அவர்களே விசாரித்தால் என்ன நடக்கும்? அதனால்தான் உங்களிடமும் சொல்கிறேன், புகாரை அகாடமி செக்ரட்டரியிடம் மட்டும் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்.

உங்கள் மகள் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை ரொம்பவே உலுக்கியது. 2019இல் கொரிய மனித உரிமை ஆணையம் 57,000க்கும் மேற்பட்ட பள்ளி விளையாட்டு வீரர்களிடம் கேட்டது. சுமார் 15 சதவீதம் பேர் அடி வாங்கியிருந்தார்கள். அடி வாங்கிய தொடக்கப்பள்ளிக் குழந்தைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ‘இன்னும் நன்றாகப் பயிற்சி செய்ய வேண்டும் என்று தோன்றியது’ என்று பதில் சொன்னார்கள். அடித்தவர் மேல் கோபம் வர வேண்டிய இடத்தில் தன் மேல் குறை தேடுகிறது குழந்தை. நாளைக்கு இதே ஆளோ இன்னொருவரோ அவள் உடம்பில் கை வைத்தாலும், சார் நல்லதுக்குத்தான் செய்கிறார் என்று நினைக்க அவளை இப்போதே பழக்கிக்கொண்டிருக்கிறோம். 2021 மே மாதம் சென்னையில் ஒரு தடகளக் கோச் போக்சோவில் கைதானபோது, பழைய மாணவிகளும் புகார் சொல்ல முன்வந்தார்கள். அத்தனை காலம் அதை மனதுக்குள் சுமந்தவர்கள்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. இனி ப்ராக்டிஸுக்குக் கூடவே போய் உட்காருங்கள். பெற்றோர் நிற்கக் கூடாது என்று ஒரு கோச் சொன்னால், அந்த இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் டெக்சாஸில் பயிற்சி எடுத்த பண்ணை முகாமுக்குள் பெற்றோருக்கு அனுமதி கிடையாது, அவர்களிடம் பாலியல் கொடுமை செய்த லாரி நாசர் என்ற டாக்டருக்கு அது எவ்வளவு வசதியாக இருந்தது என்று பிறகு நீதிமன்றத்தில் அந்தப் பெண்கள் சொல்லி உலகமே கேட்டது. அடித்த தேதி, தழும்பின் போட்டோ, கூட இருந்தவர்கள் யார் என்று எழுதி வையுங்கள். 1098க்குப் போன் செய்யுங்கள், அது குழந்தைகள் உதவி எண், இலவசம். பொறுப்பில் உள்ளவர் குழந்தையை அடித்தால் சிறார் நீதிச் சட்டம் 75ஆவது பிரிவில் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பாலியல் தொந்தரவு என்றால் போக்சோ. அதைத் தெரிந்தும் மறைத்த நிர்வாகியும் சட்டப்படி குற்றவாளிதான்.

கடைசியாக, தயவுசெய்து ‘ஓட்டமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்’ என்று மகளை வீட்டில் உட்கார வைத்துவிடாதீர்கள். நம் வீடுகளில் முதலில் நடப்பது அதுதான், தண்டனை அவளுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். கோச்சை மாற்றுங்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவும் சர்டிஃபிகேட்டும் போய்விடுமோ என்று பயந்து அங்கே இன்னும் நாலு பெற்றோர் வாயை மூடிக்கொண்டு இருப்பார்கள். உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போய் அவர்களிடம் பேசுங்கள், புகாரில் எல்லோருமாகக் கையெழுத்துப் போடுங்கள்.