காட்டிக்கொண்டால் மட்டும் போதுமா?

கேள்வி: மேலைநாட்டார் ஆசியர்களைத் தாழ்வாகச் சித்திரிக்கிறார்கள் என்று ஏன் ஓயாமல் புலம்ப வேண்டும்? நம்மை நாமே உயர்வாகக் காட்டிக்கொண்டால் அவர்கள் பார்வை மாறிவிடாதா?

பதில்: மாறிவிடும் என்று நம்பியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்று பாருங்கள். ஸ்பெயினின் ஆட்சிக்குட்பட்ட பிலிப்பைன்ஸிலிருந்து சென்ற ஓவியர் ஹுவான் லூனா, ரோமானிய அரங்கில் மடிந்த அடிமை வீரர்களின் உடல்களை இழுத்துச் செல்லும் காட்சியை, ஏழு மீட்டருக்கும் மேல் அகலமான 'ஸ்பொலியாரியம்' என்ற ஓவியமாகத் தீட்டி, 1884இல் மாட்ரிட் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்றார். அதே கண்காட்சியில் அவருடைய நாட்டவர் ஹிடால்கோவுக்கு வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. மூன்றே ஆண்டுகளில், அதே மாட்ரிட்டின் ரெத்திரோ பூங்காவில், அதே பிலிப்பைன்ஸின் மலைமக்களான இகொரோட்டுகளைக் குடிசை போட்டு உட்காரவைத்து வேடிக்கை பார்த்தார்கள். காட்சிக்காகக் கொண்டுவரப்பட்ட தீவினரில் சிலர் அங்கேயே இறந்தும் போனார்கள். அந்தக் காட்சிக்காக எழுப்பப்பட்ட கண்ணாடி மாளிகை இன்றும் அங்கே நிற்கிறது.

1898இல் அந்தத் தீவுகளை 2 கோடி டாலர் கொடுத்துப் பெற்ற அமெரிக்கா, 1904இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்களைக் கொண்டுவந்தது. அவர்களில் சீருடையணிந்த காவல்படையின் இசைக்குழுவும் இருந்தது; ஆனால் கூட்டம் மொய்த்தது இகொரோட்டுகளின் குடியிருப்பில்தான். சடங்குகளின்போது மட்டுமே நாய் இறைச்சி உண்ணும் வழக்கமுள்ள அவர்களை, பார்வையாளர்களுக்காக அடிக்கடி நாய்களை அறுக்கவைத்தார்கள். தன்னாட்சிக்குத் தகுதியற்ற மக்கள் என்று நிறுவ விரும்பிய அரசுக்கு அந்தக் காட்சிதான் தேவைப்பட்டது. இசைக்குழு எவ்வளவு நன்றாக வாசித்திருந்தாலும் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. மணிலாவின் படித்த வர்க்கத்தில் பலர், மலைமக்களை அப்படி நடத்தியது கொடுமை என்று சொல்வதற்குப் பதிலாக, அவர்கள் தம்மவரே அல்லர் என்று விலகிக்கொண்டார்கள். பின்னாளில் ஐ.நா. பொதுச்சபைக்குத் தலைவரான கார்லோஸ் ரோமுலோகூட, இகொரோட்டு பிலிப்பினோ அல்லர் என்று 1943இல் எழுதினார். நீங்கள் பரிந்துரைக்கும் உயர்வு யாருடைய அளவுகோலில் உயர்வு, அதற்காக நம்மில் யாரையெல்லாம் மறைத்து வைக்கவேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பிலிப்பைன்ஸின் தேசிய வீரராகப் போற்றப்படும் எழுத்தாளர் ஹோசே ரிசால், லூனாவின் வெற்றியை மாட்ரிட் விருந்தில் போற்றிப் பேசியவர். 1887இல் இகொரோட்டுகளுக்கு நேர்ந்த அவமதிப்பைக் கண்டித்து நண்பர் புளூமென்ட்ரிட்டுக்குக் கடிதம் எழுதியவரும் அவரே. அதைப் புலம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.