இம்யூனாலஜியில் (நோய் எதிர்ப்பியல்) போஸ்ட்டாக் செய்தால் வேலைக்குத் தயாராகிவிடுவோமா, வருடம்தான் வீணாகுமா?

பிஎச்டி முடிக்கப் போகிறேன், பெங்களூருவில் போஸ்ட்டாக் (பிஎச்டிக்குப் பிறகு ஒரு லேபில் செய்யும் தற்காலிக ஆராய்ச்சிப் பணி) வாய்ப்பு வருகிறது, போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு முப்பதை ஒட்டிய வயது, வீட்டில் "எப்பதான் வேலைக்குப் போகப்போற?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வருடம் வீணாகாது. ஆனால் சேர்ந்தாலே பயிற்சி தானாகக் கிடைத்துவிடும் என்று நம்பிப் போகாதீர்கள். பிஎச்டியில் கோர்ஸ்வொர்க் உண்டு, வருடா வருடம் உட்காரும் கமிட்டி உண்டு. போஸ்ட்டாக்கில் பல இடங்களில் இரண்டுமே இல்லை. லேபின் தலைவரான பிஐ-க்கு வேண்டியது பேப்பர், அதாவது ஆய்வுக் கட்டுரை. அதோடு சேர்த்து உங்களுக்கு ஒரு கைத்தொழிலும் வேண்டும். அதை நீங்களேதான் தேடிப் பிடிக்க வேண்டும்.

நான் கரூர்க்காரி. வடக்கு பெங்களூருவில் போஸ்ட்டாக் செய்தேன், இப்போது மருந்துக் கம்பெனிகளுக்காக ஆய்வு செய்து தரும் ஒரு சிஆர்ஓ-வில் இம்யூனாலஜி குழுவில் இருக்கிறேன். என் ப்ராஜெக்ட் காசநோயாளிகளின் ரத்தத்தில் டி-ரெக் செல்களை, அதாவது நோய் எதிர்ப்பு சக்தி எல்லை மீறாமல் அடக்கி வைக்கும் செல்களைப் பார்ப்பது. ஆஸ்பத்திரியிலிருந்து சாம்பிள் வரவே சாயங்காலம் ஆகிவிடும். ஃபைகால் என்ற திரவத்தில் செல்களைப் பிரித்து, சாயம் ஒட்டிய ஆன்டிபாடிகளால் ஸ்டெயின் பண்ணி, செல்களை ஒவ்வொன்றாக லேசரில் பார்க்கும் ஃப்ளோ சைட்டோமீட்டரில் ஓட்டி முடிக்க நடுராத்திரி. எனக்கு உண்மையான பயிற்சி கொடுத்தவர் பிஐ அல்ல, அந்த மெஷினைப் பார்த்துக்கொண்ட கோயம்புத்தூர் அக்கா. எந்தப் பேப்பரிலும் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் வந்ததில்லை. அது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

எஃப்எம்ஓ ட்யூப் இல்லாமல் யார் வந்தாலும் அக்கா மெஷினைத் தொட விடமாட்டார். கலவையில் ஒரே ஒரு ஆன்டிபாடியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் போடுவதுதான் எஃப்எம்ஓ. மற்ற சாயங்களின் ஒளி, விட்டுவிட்ட ஆன்டிபாடியின் நிறத்தை அளக்கும் சேனலுக்குள் எவ்வளவு கசிகிறது என்று அதில் தெரியும். அது இல்லையென்றால், எந்தச் செல்லைக் கணக்கில் சேர்ப்பது என்று பிரிக்கும் கோடான கேட்டை எங்கே வரைந்தாலும் சரி என்றாகிவிடும். டி-ரெக் செல்லை அடையாளம் காட்டும் ஃபாக்ஸ்-பி3 மாதிரி, செல்லைத் துளைத்து உள்ளே உட்கருவுக்குள் ஸ்டெயின் பண்ண வேண்டிய, பளிச்சென்று பிரியாத மார்க்கருக்கு இது உயிர்நாடி. செத்த செல் எந்த ஆன்டிபாடியையும் இழுத்து ஒட்டிக்கொள்ளும் என்பதால், அதைக் காட்டிக்கொடுக்கும் வயபிலிட்டி டை கட்டாயம். மெஷின் சரியாக அளக்கிறதா என்று பார்க்கும் பீட்ஸ் என்ற நுண்மணிகளை ஓட்டி, எண்ணைக் குறித்து, தேதி போட்டுக் கையெழுத்து வைக்க வைத்தார். சனிக்கிழமைகளில் புது மாணவர்களுக்கு இதையெல்லாம் என்னையே சொல்லித்தர வைத்தார்.

கம்பெனி இன்டர்வியூவில், ஃப்ளோ முடிவைக் காட்டும் ஒரே ஒரு ப்ளாட்டைத் திரையில் போட்டார்கள். மருந்து கொடுத்த சாம்பிளில் ஃபாக்ஸ்-பி3 ஏறியிருந்தது. "க்ளையன்ட்டுக்கு என்ன சொல்வீர்கள்?" என்றார்கள். எஃப்எம்ஓ-வையும் வயபிலிட்டி கேட்டையும் காட்டுங்கள், அதற்கு முன்னால் எதுவும் சொல்லமாட்டேன் என்றேன். அப்புறம் பேச்சு முழுக்க அதைப் பற்றியேதான். பேப்பர் வந்த பத்திரிகையின் மதிப்பைச் சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரை யாரும் கேட்கவே இல்லை. அந்த வேலை எனக்குக் கிடைத்தது.

கம்பெனிக்குப் போனதால் இப்படிப் பேசுகிறாள் என்று சிலர் சொல்லக்கூடும். ஆராய்ச்சியைக் கைவிட்டவள் என்று என் சீனியர் ஒருவரே சொல்லியிருக்கிறார். 2025 மருத்துவ நோபல் இதே டி-ரெக் ஆராய்ச்சிக்குத்தான். அதைப் பெற்ற மூவரில் மேரி ப்ரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும் 2001-இல் ஃபாக்ஸ்-பி3 மரபணுவைக் கண்டுபிடித்தபோது ஒரு பயோடெக் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். பேராசிரியர் ஆவதைக் குறைவாகச் சொல்லவில்லை. அதுதான் உங்கள் குறி என்றால், பிஐ-யின் ப்ராஜெக்ட் பணத்தில் ஆர்ஏ-வாக (ரிசர்ச் அசோசியேட்) சேருவதைவிட என்பிடிஎஃப், இந்தியா அலையன்ஸ் மாதிரி நீங்களே ப்ரபோசல் எழுதும் ஃபெலோஷிப்புக்கு முயலுங்கள். எழுதுவதே பாதிப் பயிற்சி.

பணம்? 2023-இல் ஆர்ஏ-வின் ஆரம்ப நிலைத் தொகையை மாதம் 58,000 ரூபாயாக உயர்த்தினார்கள், வீட்டு வாடகைப்படி தனி. ஆனால் சில சமயம் மாதக்கணக்கில் வராது, கையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊர் வீட்டு ஓனர்கள் இருக்கிறார்களே, கம்பெனி ஐடி கார்டு இருந்தால்தான் சாவி. கல்யாணமாகி, டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணிடம் "ஸ்டூடண்ட்டா?" என்று கேட்டு, அப்பாவைக் கூட்டி வரச் சொன்னார் ஒருவர். காலி பண்ணும்போது பெயின்ட் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டார். சுவரில் ஒரு ஆணிகூட நான் அடிக்கவில்லை. இதைக் கேட்க ஆளே இல்லை.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பிஐ-யுடன் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். ஃப்ளோ மெஷினை நானே ஓட்டலாமா, ஆபரேட்டர்தான் ஓட்டுவாரா? லேபை விட்டுப் போகும்போது ப்ராஜெக்டில் எந்தப் பகுதியை என்னுடையதாக எடுத்துக்கொண்டு போகலாம்? இதற்கு முன்பு இங்கே இருந்த போஸ்ட்டாக் இரண்டு பேருடன் பேச முடியுமா? கடைசிக் கேள்விக்கு இழுத்தடித்தால் வேறு லேப் பாருங்கள்.