மோத விடுவதா, கூட்டுச் சேர்ப்பதா?

கேள்வி: எங்கள் பக்கத்துப் பாடசாலைகளைச் சேர்த்து ஒரு ரோபோ போட்டி வைக்க யோசிக்கிறோம். ஒரு ரோபோ மற்றதை வட்டத்துக்கு வெளியே தள்ளுகிற சுமோ வைத்தால் பிள்ளைகள் துள்ளுவார்கள், ஆனால் அடிபட்டு உடைந்தால் திரும்ப வாங்கக் காசில்லை. எல்லோரும் சேர்ந்து செய்கிற மாதிரி வைத்தால் சப்பென்று போய்விடும் என்கிறார்கள் மற்ற ஆசிரியர்கள். எதை வைக்கலாம்?
- விஞ்ஞான ஆசிரியர், ஒட்டுசுட்டான்

பதில்: சேர், ஒற்றுமையைப் பற்றி மேடையில் எவ்வளவு பேசினாலும் பிள்ளைகள் பார்ப்பது புள்ளி போடுகிற தாளைத்தான். எதற்குப் புள்ளி கிடைக்குமோ அதைத்தான் செய்வார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஆகவே விதியை எழுதும்போதே பாதி வேலை முடிந்துவிடும், அல்லது கெட்டுவிடும்.

அமெரிக்காவில் டீன் கேமன் தொடக்கிய ஃபர்ஸ்ட் அமைப்பு 1992 இலிருந்து மாணவர்களுக்கு ரோபோ போட்டி நடத்துகிறது. இந்த விஷயத்தில் அவர்கள் பார்க்காத வழி இல்லை. 2001 இல் எதிரணியே வேண்டாம் என்று நான்கு அணிகளை ஒரே பக்கத்தில் நிறுத்தி நேரத்தோடு மோத விட்டார்கள். 2010 இல் பந்தடிக்கிற ஆட்டம். தரவரிசைக்கு, தோற்றவருக்கும் வென்றவர் எடுத்த புள்ளியைக் கொடுத்தார்கள், வென்றவருக்கோ தோற்றவரின் புள்ளியை இரண்டு மடங்காக்கி மேலதிகமாகச் சேர்த்தார்கள். எதிராளியை நசுக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். பெடியள் விடுவார்களா? எப்படியும் தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரே பக்கத்துக்குக் கோல் போட்டால் லாபம் என்று கணக்குப் பார்த்துவிட்டார்கள்! 2015 இல் அணிகள் ஒன்றோடொன்று முட்டவே வழியில்லாமல் அவரவர் பக்கத்தில் பெட்டி அடுக்கினார்கள், அதைப் பார்க்கவே அலுப்பு என்று பலர் முறைப்பட்டார்கள். உங்கள் மற்ற ஆசிரியர்கள் சொல்கிற 'சப்பென்று' அதுதான்.

எனக்குப் பிடித்தது 2012 இல் செய்தது. கூடைப்பந்து மாதிரி ஆட்டம், மோதல் குறையவில்லை. ஆனால் நடுவில் ஆடுகிற பாலம் ஒன்று. எதிரெதிர் அணிகளின் ரோபோக்கள் ஒவ்வொன்று அதில் ஏறி, விழாமல் சமன் செய்து நின்றால் இரண்டு பக்கத்துக்கும் தரவரிசையில் இரண்டு புள்ளி. ஒரு வெற்றிக்கும் இரண்டு புள்ளிதான்! அப்புறம் என்ன, ஆட்டம் தொடங்க முன்னரே எதிரணியிடம் போய் "நீங்கள் எந்தப் பக்கத்தால் ஏறுவீர்கள்" என்று கேட்டுத்தானே ஆக வேண்டும்.

உங்கள் கையிலிருக்கிற காசுக்கு வெக்ஸ் ஐக்யூ என்ற இன்னொரு மாணவர் ரோபோ போட்டியின் முறை சரிவரும். ஒரு ஆட்டம் 60 வினாடி, களத்தில் இரண்டு ரோபோ, எடுக்கிற புள்ளி இரண்டு அணிக்கும் அப்படியே. ஒவ்வொரு சுற்றிலும் சீட்டுக் குலுக்கிக் கூட்டாளியை மாற்றிவிடுங்கள், ஒவ்வொரு பாடசாலையின் மொத்தத்தையும் தனியாகக் கூட்டுங்கள். முதலாமிடம் யாருக்கு என்ற சூடு கடைசிவரை இருக்கும், ஆனால் பக்கத்தில் நிற்பவனை விழுத்தி அதை எடுக்க முடியாது. பின்னேரம் ஆசைக்கு மினி சுமோவும் வையுங்கள். 500 கிராமுக்கு மேற்படாத ரோபோ, 77 சென்ரிமீற்றர் அகலத்தில் வெட்டிய பிளைவூட் வட்டம், கறுப்புப் பெயின்ற், ஓரத்தில் வெள்ளைக் கோடு, அவ்வளவுதான். அந்த நிறையில் பெரிதாக எதுவும் உடையாது, வயர்தான் கழரும். நடுவர்களுக்கு அறிவியல் நகரிலுள்ள யாழ் பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஒரு ரோபோ போட்டியில் அரையிறுதிக்குக் கொஞ்சம் முன்னர் எதிரணியின் பற்றரி இறங்கிவிட்டது. எங்களிடமிருந்த மேலதிக பற்றரியைக் கொடுத்தேன். அவர்கள் வென்றுவிட்டார்கள். இப்போது எங்கள் அணியில் யாரும் என்னோடு கதைப்பதில்லை. கொடுத்தது பிழையா?
- உயர்தர மாணவி, கிளிநொச்சி

பதில்: பிழையே இல்லை, தங்கச்சி. ஃபர்ஸ்ட் போட்டிகளில் உதிரிப்பாகம் இல்லாத அணிக்கு எதிரணியே ஓடிவந்து கொடுப்பது வழமை. அங்கே அதைப் பழக்கமாக்கப் பாடுபட்டவர் அமெரிக்காவின் எம்ஐரி பல்கலைக்கழகப் பேராசிரியர் வூடி ஃபிளவர்ஸ். ஆனால் உங்கள் அணியின் கோபத்திலும் ஒரு ஞாயம் இருக்கிறது. அது எல்லோருடைய பற்றரி, கொடுக்க முன்னர் ஒரு வார்த்தை அவர்களிடம் கேட்டிருக்கலாம். போய்க் கதையுங்கள், அவர்களாக வரட்டும் என்று இருக்க வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் தோற்றதற்கு அந்தப் பற்றரிதான் காரணமா என்றும் பாருங்கள். பற்றரிக்கும் மோட்டருக்கும் நடுவில் எல்298என் மோட்டர் டிரைவர் சுற்றைப் பாவிக்கிறீர்கள் என்றால் அதுவே கிட்டத்தட்ட இரண்டு வோல்ட்டை விழுங்கிவிடும். 18650 என்கிற லித்தியம் செல் இரண்டில் ஓடுகிற ரோபோவுக்கு மிஞ்சுவது ஐந்தரை வோல்ட் அளவுதான், சார்ஜ் குறையக் குறைய அதுவும் இறங்கும். தள்ளுமுள்ளில் உங்கள் ரோபோ திணறியிருந்தால் முதலில் அங்கே கைவையுங்கள்.

கேள்வி: கூட்டாகச் செய்கிற போட்டியில் என் மகன் எடுக்கிற சான்றிதழுக்குப் பெறுமதி இருக்குமா?
- ஒரு தாய், வவுனியா

பதில்: பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளிக்கு எந்த ரோபோ சான்றிதழும் ஒன்றும் கூட்டாது அம்மா, தனியாக வென்றதும் சரி, கூட்டாக வென்றதும் சரி. அவனுக்கு விருப்பமென்றால் விடுங்கள். சோதனைக்கு முதல் மூன்று மாதம் மட்டும் பெட்டியில் போட்டுப் பூட்டிவையுங்கள்.