முன்சீட்ல நாலு பேரு, டிக்கில பலாப்பழம்

போன இதழ்ல ஏதோ ஒரு கேள்விக்கு பதில் சொல்றப்ப, எங்க வீட்ல ஒரு பழைய அம்பாசிடர் இருந்துச்சு, அத நெனச்சா இப்பவும் மூக்குல பெட்ரோல் வாசனை வருதுன்னு ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்ளோதான், கடலூர்லேர்ந்தும் பாண்டிலேர்ந்தும் கடுதாசி வந்துக்கிட்டே இருக்கு. அதனால இந்த தடவ மத்த கேள்விய எல்லாம் ஓரமா வெச்சுட்டேன், பெரிய வண்டிங்கள பத்தி மட்டும் பேசுவோம்.

கே: அக்கா, எங்க அப்பாகிட்ட 1970-ல வாங்கின மார்க் 2 அம்பாசிடர் இருந்துச்சு. அதுல பதிமூணு பேரு திருவந்திபுரம் கோயிலுக்கு போயிருக்கோம்னு சொன்னா என் பையன் சிரிக்கிறான். உங்க வண்டில எத்தன பேரு ஏறுவீங்க?
– வாசகர், மஞ்சக்குப்பம்

பதிமூணு பேரா, நான் நம்பறேன் அண்ணே. எங்க கணக்கு பன்னெண்டு, அதுல மூணு கைக்குழந்தை, அதுவும் அதே திருவந்திபுரத்துக்குதான், சித்தி பொண்ணு கல்யாணத்தன்னிக்கு. முகூர்த்த நாள்ல அங்க எத்தன கல்யாணம் நடக்கும்னு உங்களுக்கே தெரியும், வண்டிய கோயில் மலைக்கு ரொம்ப தூரத்துலயே நிறுத்திட்டு நடந்துதான் போனோம்.

எங்களது 1978 மார்க் 3, வெள்ளை, பெட்ரோல் வண்டி. 1986-ல நெய்வேலில ஒருத்தர்கிட்ட அப்பா செகண்ட் ஹேண்டா வாங்கினார். புது வண்டிக்கு புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்து கெடந்த காலம் எல்லாம் 1983 கடைசில மாருதி வந்தப்புறம்தான் கொஞ்சம் மாற ஆரம்பிச்சுது, ஆனாலும் அப்பாவுக்கு அந்த சின்ன வண்டி மேல மனசே போகல, "இதுல எங்கம்மாவ எங்க உக்கார வெக்கிறது"ன்னு கேட்டார், அதோட அந்த பேச்சு முடிஞ்சுது.

உக்கார்ற எடம்தான் எங்க வீட்ல பெரிய விஷயம். ஆயாவுக்கு, அதான் அப்பாவோட அம்மாவுக்கு, வண்டி ஒத்துக்காது, அதனால முன்சீட் ஜன்னலோரம் ஆயாவோடது. முன் கதவுல ஒரு சின்ன முக்கோணக் கண்ணாடி இருக்கும் பாருங்க, அத திருப்பி விட்டா காத்து நேரா மூஞ்சிலயே அடிக்கும், கைல ஒரு எலுமிச்சம்பழத்த வெச்சு மோந்துக்கிட்டே கண்ண மூடிக்குவாங்க. ஆயாவுக்கும் அப்பாவுக்கும் நடுவுல நானும் தம்பியும். ஹேண்ட் கியர், ஸ்டியரிங்கோடவே இருக்கும், தரையில கியர் கம்பியே கெடையாது, அதனால எங்க காலு எதுலயும் இடிக்காது. பின்னாடி அம்மா, அத்தை, சித்தி, அவங்கவங்க மடில ஒண்ணு ஒண்ணு, கீழ நடுவுல மேடா இருக்குமே அது மேல ஒரு தலகாணிய போட்டு அத்தை பையன். எதிர் வீட்டு அக்கா எப்பவும் கடைசில வந்து "கொஞ்சம் நவுருங்க"ம்பாங்க, எங்கேர்ந்தோ எடமும் வந்துடும்.

மே மாசத்துல பாண்டிக்கு போனா ரெட்டிச்சாவடி தாண்டறதுக்குள்ள ஒரு தடவயாவது வண்டி மக்கர் பண்ணும். வேற ஒண்ணும் இல்ல, இன்ஜின் சூட்டுல ஏசி பம்ப்புக்கு, அதான் டேங்க்லேர்ந்து பெட்ரோல இழுக்கற பம்ப்புக்கு, வர்ற பெட்ரோல் ஆவியாயிடும், பம்ப்புக்கு ஆவிய இழுத்து தள்ள வராது, கார்புரேட்டர் காஞ்சு போயி நின்னுடும். அப்பா அவசரமே பட மாட்டார். பானட்ட தூக்கி வெச்சுட்டு, சீட்டுக்கு அடில எப்பவும் கெடக்கற அந்த பழைய துண்ட எடுத்து, குடிக்கற தண்ணிலயே நனைச்சு, பம்ப்பு மேல சுத்துவார். உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும். நாங்க எல்லாரும் எறங்கி புளியமரத்தடில நிப்போம், அம்மா தூக்குல இருக்கற புளிசாதத்த அங்கயே பிரிச்சுடுவாங்க. இருபது நிமிஷம். அப்புறம் துண்ட புழிஞ்சு காய போட்டுட்டு "ஏறுங்க"ம்பார். அந்த இருபது நிமிஷத்துக்காகவே வண்டி நிக்கணும்னு வேண்டிக்கிட்டது நானும் தம்பியும்தான், இத அப்பாகிட்ட கடைசி வரைக்கும் சொன்னதில்ல.

பெட்ரோல் மட்டும் முள்ளோடை தாண்டிதான் போடுவார், பாண்டி எல்லைக்குள்ள வெல கம்மி. லிட்டருக்கு ஒம்போது, மிஞ்சினா பத்து கிலோமீட்டர் குடுக்கற வண்டிக்கு அது பெரிய காசு. பண்ருட்டி பக்கம் போனா டிக்கில ரெண்டு பலாப்பழம் இல்லாம திரும்பினதே இல்ல, அந்த வாசனை ஒரு மாசம் போவாது, ஆயா அதுக்கும் எலுமிச்சம்பழம்தான்.

ராத்திரி நேரத்துல தெருவுல யாருக்கு என்னன்னாலும் நம்ம கேட்டதான் தட்டுவாங்க. எதிர் வீட்டு அக்காவுக்கே ஒரு நாள் நடுராத்திரில வலி எடுத்துடுச்சு, பின்சீட்டு முழுக்க அவங்கள படுக்க வெச்சு, கீழ அவங்கம்மா குத்த வெச்சு உக்காந்துக்க, கோரிமேட்டு ஜிப்மர் ஆஸ்பத்திரி வரைக்கும் போனோம். முருங்கப்பாக்கம் தாண்டினப்ப அந்தக்கா என் கைய புடிச்சாங்க பாருங்க, நான் முன்சீட்ல மண்டி போட்டு பின்னாடி திரும்பி உக்காந்து கோரிமேடு வர்ற வரைக்கும் அப்படியே குடுத்துட்டு இருந்தேன். பெஞ்ச் சீட்டா இருந்ததாலதான் அப்படி உக்கார முடிஞ்சுது. மறுநாள் அவங்க வீட்டுக்காரர் பெட்ரோல் காசு கொண்டாந்து குடுத்தார், அப்பா வாங்கல. பையன்கிட்ட இத சொல்லுங்க அண்ணே, பதிமூணு பேரு கணக்க அவன் நம்பிடுவான்.

கே: அம்பாசிடரோட நீளம் 4.3 மீட்டர் சொச்சம்தான்னு படிச்சேன். இப்ப ரோட்ல ஓடற எஸ்யூவி நெறைய அதே நீளம்தானே? அப்புறம் ஏன் அத போயி பெரிய வண்டிங்கறீங்க?
– கல்லூரி மாணவர், லாஸ்பேட்டை

நல்ல கேள்வி தம்பி, டேப் வெச்சு அளந்தா நீங்க சொல்றதுதான் சரி. அகலத்துலயும் இப்ப வர்ற வண்டிங்கதான் ஜாஸ்தி. ஆனா அந்த அகலம் எங்க போவுதுன்னு பாருங்க, கதவே தடியா இருக்கு, நடுவுல கியருக்கு ஒரு பெட்டி, கப்பு வெக்க ஒரு குழி, ஆளுக்கு ஒரு சீட்டு, ஓரத்துல முட்டு குடுத்து தனித்தனியா. அம்பாசிடர்ல கதவு மெல்லிசு, சீட்டு ஒரே பலகை மாதிரி இந்த கதவுலேர்ந்து அந்த கதவு வரைக்கும், கூரை உருண்டையா ஒசரமா இருக்கறதால நாற்காலில உக்கார்ற மாதிரி நிமிந்து உக்காரலாம், வேட்டி கட்டினவங்களும் பட்டுப்புடவ கட்டினவங்களும் குனிஞ்சு நெளியாம ஏறி எறங்கலாம். பாதுகாப்புன்னு பாத்தா இப்ப வர்ற வண்டிக்கு பக்கத்துலயே வர முடியாது, பெல்ட் கெடையாது, ஏர்பேக் கெடையாது, நாங்க பன்னெண்டு பேரு போனத இப்ப நீங்க செய்யாதீங்க, அது தப்பு.

அடிப்படைல அது 1950-கள்ல இங்கிலாந்துல வந்த மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் சீரிஸ் 3. மேற்கு வங்காளத்துல உத்தரபாராவுல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அத பண்ண ஆரம்பிச்சு, மூஞ்சிய மட்டும் அப்பப்ப மாத்தி மாத்தி 2014 மே வரைக்கும் பண்ணாங்க. பின்னாடி லாரிக்கு இருக்கற மாதிரி கமான்பட்டை ஸ்பிரிங்கு, எந்த ஊரு மெக்கானிக்கும் ஸ்பேனர் போடலாம். 2013-ல பி.பி.சி-யோட டாப் கியர் கார் நிகழ்ச்சில உலகத்துலயே நல்ல டாக்ஸி இதுதான்னு ஜெயிக்க வெச்சாங்க, சும்மா இல்ல.

கே: பிரெஞ்சு பென்ஷன் வாங்கின எங்க தாத்தா பெஜோ, பெஜோன்னு அந்த வண்டிய பத்தியேதான் பேசுவாரு. அம்பாசிடர் பேர அந்த பிரான்ஸ் பெஜோ கம்பெனியே வாங்கிடுச்சாமே, உண்மையா?
– வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

உண்மைதாம்மா. 2017-ல 80 கோடி ரூபாய்க்கு அந்த பேர பெஜோ குரூப் வாங்கினாங்க. வாங்கி இத்தன வருஷம் ஆச்சு, அந்த பேர்ல ஒரு வண்டியும் வரல. தாத்தா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரா கோவப்பட்டிருப்பாரான்னு எனக்கு சொல்ல தெரியல, ஆனா அவர் அந்த பேர எப்படி உச்சரிப்பாருன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அத எழுதி வெச்சுக்கோங்க.

கே: அப்பா 1984-ல வாங்கின பெட்ரோல் அம்பாசிடர், அவர் போனப்புறம் ஒம்போது வருஷமா ஷெட்லயே நிக்குது. அண்ணனுங்க ரெண்டு பேரும் காயலான் கடைக்கு எடைக்கு போட்டுடலாம்ங்கறாங்க. எனக்கு மனசு வரல. ஓட வெக்க முடியுமா அக்கா?
– வாசகி, பாகூர்

முடியும், ஆனா ஆசையில சாவிய போட்டு செல்ஃப் மட்டும் அடிச்சுடாதம்மா. ஒம்போது வருஷம் நின்ன இன்ஜின்ல பிஸ்டன் ரிங்கு சிலிண்டர்ல புடிச்சிருக்கும். நாலு பிளக்கையும் கழட்டி ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் ஆயில் விட்டு ரெண்டு நாள் ஊற விடச்சொல்லு, அப்புறம் கையால சுத்திப் பாக்கட்டும், லேசா சுத்தினா பாதி கெணறு தாண்டியாச்சு. டேங்க்ல இருக்கற பெட்ரோல் கெட்டுப்போயிருக்கும், மொத்தமா எறக்கிடணும், டேங்க் உள்ள துரு இருந்தா கழட்டி கழுவணும். ஹோஸ் எல்லாம் புதுசு. இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலக்கறாங்க, அந்த காலத்து ரப்பருக்கு அது ஆகாது, அதனால எத்தனால் தாங்கற ஹோஸா கேட்டு வாங்கு. பிரேக்ல மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், உள்ள இருக்கற ரப்பர் கப்பு எல்லாம் மாத்தாம ஷெட்ட விட்டு ஒரு அடி கூட நகத்தக் கூடாது, வண்டி ஓடறத விட நிக்கறது முக்கியம்.

ஆனா இதுக்கெல்லாம் முன்னாடி வண்டிக்குள்ள விரிச்சிருக்கற மேட்ட தூக்கி தரைய பாரு. பாகூர் கடல்லேர்ந்து ரொம்ப தூரம் இல்ல, உப்புக்காத்து மொதல்ல சாப்பிடறது தரைத்தகடும் கதவோட அடி விளிம்பும்தான். ஸ்குரூ டிரைவரால குத்திப் பாரு, டங்குன்னு சத்தம் வந்தா சந்தோஷம், உள்ள போயிடுச்சுன்னா டிங்கரிங் செலவு இன்ஜின் செலவ தாண்டிடும், அத தெரிஞ்சுக்கிட்டு எறங்கு. வெறும் பட்டி வெச்சு பெயிண்ட் அடிச்சு குடுக்கறேம்பாங்க, ஒத்துக்காத, பழைய தகட்ட வெட்டி எடுத்துட்டு புதுசு வெல்டிங் வெக்கணும்.

பேப்பர் விஷயம்: சொந்த காருக்கு ஆர்.சி பதினஞ்சு வருஷம், அப்புறம் அஞ்சு அஞ்சு வருஷமா எஃப்.சி பாத்து புதுப்பிக்கணும், 2022 ஏப்ரல்லேர்ந்து அந்த கட்டணம் நல்லா ஏறிடுச்சு, லேட் ஆனதுக்கு தனியா கட்டணும். மொதல்ல ஆர்.சி புக் யார் பேர்ல இருக்குன்னு பாரு, அப்பா பேர்லயே இருந்தா வாரிசு சான்றிதழ் வேணும், அண்ணனுங்க கையெழுத்தும் வேணும், அதனால இப்ப அவங்களோட சண்ட போடாத. அம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு வின்டேஜ்னு தனி பதிவு 2021-ல கொண்டாந்தாங்க, உன் வண்டிக்கு அது 2034-க்கு அப்புறம்தான், அதுவும் அந்த பதிவு வாங்கிட்டா கண்காட்சி, ராலி மாதிரிதான் எடுத்துட்டு போவ முடியும், நெனச்சப்ப கோயிலுக்கு கெளம்ப முடியாது. உனக்கு கோயிலுக்குதான் போவணும்னு நெனக்கிறேன்.

கே: கான்டெஸா பெருசா, ஸ்டாண்டர்ட் 2000 பெருசா? ரெண்டுல எது நல்ல வண்டி?
– வாசகர், நெய்வேலி

ஒடம்புல ஸ்டாண்டர்ட் 2000-தான் பெருசு. இங்கிலாந்து ரோவர் வண்டியோட ஒடம்பு, நம்ம சென்னை பக்கத்துலயே செஞ்சாங்க, 1985-லேர்ந்து மூணு வருஷம் போல வந்துச்சு, அவ்ளோ அழகான ஒடம்புக்குள்ள பழைய காலத்து இன்ஜின வெச்சதுல அது எடுபடல. கான்டெஸாவும் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் வண்டிதான், அதுல மொதல்ல அம்பாசிடரோட 1500 சிசி இன்ஜின்தான், பாவம் இழுக்க மாட்டாம இழுக்கும், அப்புறம் ஜப்பான் இசுசுவோட 1800 சிசி இன்ஜின் வந்தப்புறம்தான் அது ராஜா. என் ஓட்டு அந்த 1800-க்கு. பின்சீட்ல காலு நீட்டி தூங்கிக்கிட்டே திருப்பதி வரைக்கும் போயிருக்கேன், அது மாமாவோட வண்டி.

கே: உங்க வண்டி இப்ப எங்க இருக்கு?
– வாசகி, கூத்தப்பாக்கம்

2009-ல வித்துட்டோம்மா, அப்பாவுக்கு கண்ணு சரியா தெரியாம போனப்ப. பண்ருட்டி பக்கத்துல ஒரு முந்திரி வியாபாரி வாங்கினார், நல்ல மனுஷன். 2011 டிசம்பர் 30-ல 'தானே'ங்கற புயல் அடிச்சுதே, அப்புறம் கரண்டு இல்லாம போன் இல்லாம கெடந்து, ஒரு வாரம் பொறுத்து அவர் போன் பண்ணி, ஷெட்டு மேல பலாமரம் விழுந்துடுச்சு, கூரை அமுங்கிடுச்சு, ஆனா வண்டி ஸ்டார்ட் ஆவுது, சார வந்து பாக்க சொல்லுங்கன்னார். பொங்கலுக்கு முன்னாடி போனோம். அவர் தோப்புல ஒரு முந்திரி மரம் நிக்கல, அந்த நெலமைல கூட வண்டிய தொடச்சு வெச்சிருந்தார்.

அவரே ஓட்டினார், பக்கத்துல அவர் பசங்க ரெண்டு பேரு, ஜன்னலோரம் அவங்கம்மா. நாங்க பின்னாடி. இருபத்திமூணு வருஷம் அந்த வண்டிய ஓட்டின அப்பா பின்சீட்ல உக்காந்தது அன்னிக்குதான் மொத தடவ. கொஞ்ச தூரம் போனதும் இப்படியும் அப்படியும் எட்டி எட்டி பாத்தார்.

"இங்கேர்ந்து ரோடே தெரியலியே, இத்தன வருஷமா நீங்கல்லாம் என்னத்த பாத்துனு வந்தீங்க?"

"உங்க முதுகத்தான்"னாங்க அம்மா.