பேட்டர் தம் ரன்களை எண்ணிக்கொண்டே ஆடலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார்: பள்ளி அணியில் மூன்றாவதாக இறங்கும் அவருடைய மகள், நாற்பதைத் தாண்டியதும் தன் ரன்களை மனத்துக்குள் எண்ணத் தொடங்கி, அரைசதத்துக்கு முன்பே பலமுறை ஆட்டமிழந்துவிடுகிறாள். எண்ணவே கூடாது என்கிறார் பயிற்சியாளர். ஆனால் சென்ற ஆட்டத்தில் அவள் கணக்கைவிட ஸ்கோர் புத்தகத்தில் நான்கு ரன்கள் குறைந்திருந்ததால், எண்ணாமல் எப்படி இருப்பது என்று கேட்கிறாள். யார் சொல்வது சரி?

தன் ஸ்கோரை அறிந்திருப்பதில் தவறே இல்லை. அந்த எண்ணுக்காக ஆட்டத்தை மாற்றிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்திய அணியின் சேவாக் 2003இல் மெல்போர்னில் 195 ரன்களில் சிக்சருக்கு முயன்று ஆட்டமிழந்தார்; மறு ஆண்டே முல்தானில் 295இல் இருந்தபோது பாகிஸ்தான் பந்துவீச்சாளர் சக்லைன் முஷ்டாக்கின் பந்தை சிக்சருக்கு அனுப்பி முச்சதத்தைக் கடந்தார். இரண்டு முறையும் அவர் தமக்கு இயல்பான ஆட்டத்தையே ஆடினார். நாற்பதுகளில் பல இளம் பேட்டர்கள் செய்வது இதற்கு நேர்மாறானது: அதுவரை தயங்காமல் தட்டிவிட்டு ஓடிய பந்தையும் வெறுமனே தடுக்கிறார்கள், ரன் வராத ஓவர்கள் சேர்கின்றன, பிறகு பொறுமையிழந்து அடிக்கக் கூடாத பந்தை அடிக்கிறார்கள். ஆகவே, "எண்ணாதே" என்று தடுப்பதைவிட, ஒவ்வொரு பந்துக்குப் பிறகும் கிரீஸைவிட்டு (பேட்டர் நிற்கும் கோட்டுப் பகுதி) விலகி, ஃபீல்டர்கள் நிற்கும் இடங்களை ஒருமுறை பார்த்து, அடுத்த ஒரு ரன் எந்த இடைவெளியில் கிடைக்கும் என்று முடிவுசெய்துவிட்டு மீண்டும் கார்டு எடுக்க, அதாவது ஸ்டம்புக்கு முன்னால் தன் இடத்தில் நிற்க, பழக்குங்கள். எண்ணாதே என்றால் மனம் அதையேதான் எண்ணும்.

அவள் கட்டாயம் கணக்கில் வைத்திருக்க வேண்டியது அணியின் ஸ்கோர், வேண்டிய ரன்கள், மீதமுள்ள பந்துகள் ஆகியவற்றைத்தான். மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கி ஸ்கோர் பலகையே மறைந்துபோகும் நீலகிரி மைதானங்களில் இது இன்னும் முக்கியம். ஓவர் முடிந்ததும் எதிர்முனையில் இருப்பவரிடமோ அம்பயரிடமோ கேட்டுக்கொள்ளலாம்.

அந்த நான்கு ரன்கள் பெரும்பாலும் லெக் பையாக இருக்கும். பந்து காலில் கட்டிய பேடில் பட்டு எல்லைக்கோட்டைத் தொட்டால் ரன் அணிக்குச் சேரும், பேட்டருக்குச் சேராது. பேட்டைப் பிடித்திருக்கும் கையின் கிளவுஸில் பட்டிருந்தால் பேட்டருக்கே உரியது. லெக் பைக்கு அம்பயர் தம் முழங்காலை உயர்த்திக் கையால் தொட்டுக் காட்டுவார். அந்தச் சைகையைக் கவனிக்கும் வழக்கம் வந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஓடும்போது கிரீஸுக்குள் பேட்டை ஊன்றாமல் திரும்பினால் ஒரு ரன் குறைவதும் உண்டு.

ரன்களைப் பதிவது ஸ்கோரர்களின் வேலை. விதிகளின்படி இருவர் அமர்ந்து தங்கள் கணக்கை அடிக்கடி ஒப்பிட வேண்டும். அம்பயரின் ஒவ்வொரு சைகையையும் அவர்கள் ஏற்றுக்கொண்டதாகக் காட்டிய பிறகே ஆட்டம் தொடர வேண்டும் என்பது, பனியில் ஸ்கோரர்களின் மேசையே கண்ணுக்குத் தெரியாத நாளில் அம்பயர்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டிய விதி.

சந்தேகம் மீண்டும் வந்தால், இன்னிங்ஸ் முடிந்தவுடன் ஸ்கோர் புத்தகத்தைக் காட்டும்படி உங்கள் அணியின் ஸ்கோரரிடம் கேட்குமாறு மகளிடம் சொல்லுங்கள். அவள் பெயருக்கு எதிரே 1, 4, 2 என்று அடித்த ஒவ்வொரு ரன்னும் வரிசையாக இருக்கும், லெக் பைகள் கீழே உதிரி ரன்களில் தனியாக இருக்கும். பிழை இருந்தால், அம்பயர்களும் ஸ்கோரர்களும் கணக்கை இறுதி செய்வதற்கு முன்பே கேப்டன் வழியாகத் தெரிவிக்க வேண்டும்.