நிக்கான் டி7200 கேமரா வாங்குவதா, டி7500 வாங்குவதா?

கேள்வி: வேளச்சேரியில் வசிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவைப் படங்கள் எடுப்பேன். சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் எடுப்பதுண்டு. கையில் நிக்கான் டி5300, அதனுடன் வந்த 18-55 லென்ஸ், 200-500 மி.மீ. எஃப்/5.6 லென்ஸ், அப்பா வைத்திருந்த 105 மி.மீ. எஃப்/2.5 ஏஐ-எஸ் மேனுவல் லென்ஸ் (கையால் ஃபோகஸ் செய்யும் பழைய வகை) இருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் டி7200, டி7500 இரண்டும் கிடைக்கின்றன. புதிய மாடலான டி7500-க்குக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

பதில்: பறவைகள்தான் முதன்மை என்றால் கொடுக்கலாம், டி7500 வாங்குங்கள். அப்பாவின் லென்ஸை அடிக்கடி மாட்டுவீர்கள் என்றாலோ, கல்யாணப் படங்களுக்குப் பணம் வாங்கத் தொடங்கிவிட்டீர்கள் என்றாலோ டி7200தான் சரி. 2015-இல் வந்தது டி7200. அதன் இடத்துக்கு 2017-இல் டி7500 வந்தபோது சில வசதிகள் கூடின, சில பறிபோயின. அதனால் இந்த இரண்டில் புதியதே எல்லா வகையிலும் உசத்தி என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மெகாபிக்சல் 24.2-இலிருந்து 20.9 ஆகிவிட்டதே என்று பலர் தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். படத்தின் அகலம் 6000 பிக்சலிலிருந்து 5568 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். 12x18 அங்குல பிரிண்டை 300 டிபிஐயில் போட 5400 பிக்சல் போதும். அதேபோல் டி7500-இன் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 16,40,000 வரை போகும் என்ற விளம்பர எண்ணையும் கணக்கில் சேர்க்காதீர்கள். ரா கோப்புகளை (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருப்பவை) ஒப்பிட்டால் இருட்டில் டி7500 கொஞ்சம் மேல்தான், ஆனால் அந்த வித்தியாசம் ஒரு ஸ்டாப்புக்கும் (ஒளி இரு மடங்காகும் ஒரு படி) குறைவு. ஃபோகஸ் அமைப்பும் இரண்டிலும் ஒரே 51 புள்ளிகள் கொண்டதுதான்.

உண்மையான வித்தியாசம் பஃபரில், அதாவது கார்டில் எழுதும் வரை படங்களைத் தாங்கிவைக்கும் தற்காலிக நினைவகத்தில் இருக்கிறது. பள்ளிக்கரணை ரேடியல் சாலையோரம் நின்று மீசை ஆலா என்ற நீர்ப்பறவை தண்ணீரில் பாய்வதை எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். டி7200-இல் 14 பிட் ரா (12 பிட்டைவிட நுட்பமான பதிவு) வைத்தால் விநாடிக்கு 5 படம்தான் வரும், 18 படங்களில் பஃபர் நிரம்பிவிடும். அதாவது மூன்றரை விநாடி. 12 பிட்டுக்கு மாற்றினால் விநாடிக்கு 6 படம், மொத்தம் 27 படம். டி7500 முழு 14 பிட் ராவிலேயே விநாடிக்கு 8 படம் எடுக்கும், 50 படம் வரை நிற்காது. ஆலா வட்டமடித்து, தயங்கி, பாய்ந்து, மீனோடு எழும்பும் வரை ஆறு விநாடி தாங்கும் கேமராவுக்கும் மூன்றரை விநாடியில் திணறும் கேமராவுக்கும் உள்ள தூரம் பெரியது. பஃபர் நிரம்பிய டி7200 சரியாக மீன் பிடிக்கும் நொடியில் மந்தமாகிவிடும். டி7200 வாங்கினால் பறவைகளுக்கு 12 பிட் லாஸ்லெஸ் கம்ப்ரெஸ்டு (தகவல் இழக்காமல் சுருக்கும் முறை) என்று அமைத்துவிடுங்கள், தரத்தில் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. இரண்டு கேமராவுக்கும் வேகமான யுஎச்எஸ்-1 கார்டு போதும். யுஎச்எஸ்-2 கார்டுக்குக் கொடுக்கும் கூடுதல் காசு வீண், ஏனென்றால் இவற்றின் ஸ்லாட் அந்த வேகத்தை ஏற்காது.

அடுத்தது ஒளி அளவி, அதாவது மீட்டர். டி7200-இன் மீட்டரில் 2,016 பிக்சல், டி7500-இல் 1,80,000. ஃபோகஸ் புள்ளிகள் ஒன்றே ஆனாலும், 3டி டிராக்கிங்கில் பறவையின் நிறத்தைப் பின்னணியிலிருந்து பிரித்துத் தொடர்வது இந்த மீட்டரின் தகவலை வைத்துத்தான். டி7500-இல் ஹைலைட்டுக்கு முன்னுரிமை தரும் மீட்டரிங் முறையும் உண்டு, டி7200-இல் அது இல்லை. கறுத்த தண்ணீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால் சாதாரண மீட்டர் தண்ணீரைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும், இறகுகள் வெளுத்துப் போகும். புதிய முறை அந்த வெள்ளையைக் காப்பாற்றும். மார்கழிக் கச்சேரி மேடையில் பாடகர் மீது மட்டும் விளக்கு விழும்போதும் இதே உதவி கிடைக்கும். டி7200-இல் இதை நீங்களே செய்ய வேண்டும்: எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (மீட்டர் சொல்லும் ஒளியைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) -0.7 அல்லது -1 வைத்து, ஹிஸ்டோகிராமின் (படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) வலது ஓரம் இடிக்கிறதா என்று பாருங்கள்.

மண்டபங்களில் இன்னொரு தொல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் டியூப்லைட்டும் பல எல்இடி விளக்குகளும் விநாடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். 1/500 விநாடியில் தொடர்ந்து எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மஞ்சளடித்தும் வருவது இதனால்தான். டி7500-இல் ஃபோட்டோ ஷூட்டிங் மெனுவில் உள்ள ஃபிளிக்கர் ரிடக்‌ஷனைப் போட்டால் விளக்கு உச்சத்தில் இருக்கும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும், அதனால் தொடர்ந்து படமெடுக்கும் வேகம் சற்றுக் குறையலாம். டி7200-இல் வ்யூஃபைண்டர் வழியே எடுக்கும்போது இந்த வசதி கிடையாது. அங்கே ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைப்பதே வழி. மேடையில் அசையாமல் நிற்பவர்களுக்கு அது போதும், தாலி கட்டும் நேரத்துப் பரபரப்புக்குப் போதாது.

இனி இழந்தவை. டி7500-இல் ஒரே ஒரு எஸ்டி ஸ்லாட்தான். டி7200-இல் இரண்டு, ஒரே படத்தை இரண்டு கார்டிலும் எழுத வைக்கலாம். பறவைக்கு இது பெரிய விஷயமில்லை, அடுத்த ஞாயிறும் பள்ளிக்கரணை அங்கேதான் இருக்கும். முகூர்த்தம் இன்னொரு முறை வராது. அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தைக் காசு வாங்கிக்கொண்டு ஒரே கார்டில் எடுப்பதை நாங்கள் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டோம். சொந்தக்காரர் வீட்டில் ஆசைக்கு எடுப்பவர் என்றால், ஒரே பெரிய கார்டுக்குப் பதில் சிறியவை நான்கு வைத்து, ஒவ்வொரு சடங்கு முடிந்ததும் மாற்றிக்கொண்டால் சமாளிக்கலாம். நிக்கானின் பேட்டரி கிரிப்பும் டி7200-க்கு மட்டும்தான், எம்பி-டி15 என்பது அதன் பெயர்.

உங்கள் 105 மி.மீ. லென்ஸ் இரண்டிலும் மாட்டும். டி7200-இல் செட்டப் மெனுவில் நான்-சிபியு லென்ஸ் டேட்டாவுக்குப் (சிப் இல்லாத பழைய லென்ஸ்களின் விவரம்) போய் 105 என்றும் 2.5 என்றும் பதிந்துவிட்டால் ஏ (அப்பர்ச்சரை மட்டும் நீங்கள் வைப்பது), எம் (எல்லாம் கையால்) இரண்டு மோடிலும் மீட்டர் ஒழுங்காக வேலை செய்யும். டி7500-இல் லென்ஸின் அப்பர்ச்சர் (ஒளித் துளை) வளையத்தின் நிலையைப் படிக்கும் உறுப்பையே எடுத்துவிட்டார்கள். எம் மோடில் மட்டும் எடுக்கலாம், மீட்டர் எதுவும் காட்டாது. ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராம் பார்த்து, திருத்தி எடுக்க வேண்டும். டி5300-இலும் இப்படித்தான் என்பதால் உங்களுக்குப் பழகியிருக்கும். ஃபோகஸ் சரியானதும் வ்யூஃபைண்டரில் எரியும் பச்சைப் புள்ளி இரண்டிலும் உண்டு.

வீடியோ பற்றிச் சுருக்கமாக: டி7500-இல் 4கே உண்டு, ஆனால் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் எடுப்பதால், இந்தச் சென்சாருக்கு ஏற்கெனவே உள்ள 1.5 மடங்குக்கு மேல் இன்னும் 1.5 மடங்கு கிராப் (காட்சிப் பரப்பு குறுகுதல்) ஆகும். 18 மி.மீ. லென்ஸ் முழு ஃபிரேம் கணக்கில் 40 மி.மீ. போல ஆகிவிடும், மண்டபத்துக்குள் பின்னால் நகர இடமிருக்காது. தூரத்துப் பூநாரைக்கு அதுவே லாபம்.

வாங்கப் போகும்போது இரண்டு எஸ்டி கார்டோடு, 18-55-ஐயும் 105-ஐயும் கட்டாயம் எடுத்துப் போங்கள். 200-500 மின்காந்த அப்பர்ச்சர் கொண்ட லென்ஸ், அது கேமராவில் உள்ள அப்பர்ச்சர் நெம்புகோலைத் தொடுவதே இல்லை. நெம்புகோல் வளைந்திருந்தாலும் 200-500-இல் தெரியாது. 18-55-ஐ மாட்டி, எம் மோடில் எஃப்/11 வைத்து, ஒளி மாறாத வெள்ளைச் சுவரைத் தொடர்ந்து பத்துப் படம் எடுங்கள். வெளிச்சம் படத்துக்குப் படம் மாறினால் அந்த பாடியை விட்டுவிடுங்கள்.

ஷட்டர் எண்ணிக்கையை விற்பவர் வாயால் சொன்னால் போதாது. கேமராவிலிருந்து வந்த திருத்தாத ஜேபெக் கோப்போடு பதியும் எக்ஸிஃப் தகவலில் அது இருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அழிந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். இரண்டு மாடலின் ஷட்டரும் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டவை. டி7500 ஒரு லட்சத்தைத் தாண்டி, டி7200 முப்பதாயிரத்துக்குள் இருந்தால், பறவைக்காக என்றாலும் டி7200-ஐயே எடுங்கள்.

எஃப்/16-இல் வானத்தை எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். தூசிப் புள்ளி சுத்தம் செய்தால் போகும், கீறல் போகாது. நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும் கட்டைவிரல் படும் ரப்பர் உப்பிப் பிரிவது சகஜம், அதைக் காட்டி விலையைக் குறைக்கலாம். டி7200 என்றால் இரண்டு ஸ்லாட்டிலும் கார்டு போட்டு, பேக்கப் முறையில் எடுத்து, இரண்டிலும் படம் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். பாடியில் உள்ள சீரியல் எண் பில்லோடு ஒத்துப்போக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் 200-500-ஐ ட்ரைபாடில் பூட்டி, விஆரை (நடுக்கம் குறைப்பை) அணைத்து, பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளி அச்சிட்ட தாளை ஒட்டி, லைவ் வ்யூ (பின்திரை வழி) ஃபோகஸிலும் வ்யூஃபைண்டர் ஃபோகஸிலும் எஃப்/5.6-இல் எடுத்து ஒப்பிடுங்கள். லைவ் வ்யூ படம் மட்டும் கூர்மையாக இருந்தால் ஏஎஃப் ஃபைன் டியூன் (ஆட்டோஃபோகஸைச் சிறிது திருத்துவது) தேவை. டி7200-இல் -20 முதல் +20 வரை கையால் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டும். டி7500-இல் லைவ் வ்யூவில் நடுப்புள்ளியால் ஃபோகஸ் செய்துவிட்டு, ஏஎஃப் மோட் பொத்தானையும் வீடியோ பொத்தானையும் இரண்டு விநாடிக்கு மேல் சேர்த்து அழுத்தினால் கேமராவே கணக்கிடும். நான்கைந்து முறை செய்து, கிடைக்கும் எண்களில் நடுவானதை வைத்துக்கொள்ளுங்கள்.