அரிய பழைய வெள்ளி நாணயத்தின் மதிப்பை எது தீர்மானிக்கிறது: வயதா, வெள்ளியின் எடையா?

கேட்டிருக்கும் இரண்டில் எதுவும் முதன்மையானதன்று. அதே நாணயம், அதே நிலையில், இன்று எத்தனை எஞ்சியிருக்கிறது, அதை வாங்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்பதே விலையை முடிவு செய்கிறது. வெள்ளியின் எடை தருவது அடிமட்ட விலை மட்டுமே. உருக்கினால் கிடைக்கும் தொகைக்குக் கீழே நாணயம் போகாது, அவ்வளவுதான். 1794ஆம் ஆண்டின் அமெரிக்க வெள்ளி டாலர் ஒன்று 2013 ஜனவரியில் ஒரு கோடி டாலருக்குச் சற்று மேல் ஏலம் போனது. அதிலிருந்த வெள்ளி ஒரு டிராய் அவுன்ஸ்கூட (ஏறத்தாழ 31 கிராம்) இல்லை.

வயதைப் பற்றிய மயக்கம் இன்னும் பெரியது. ஆந்தை உருவம் பொறித்த ஏதென்ஸ் நகரத்து நாணயம், ஏறத்தாழ 17 கிராம் எடையுள்ளது, சுமார் 2,400 ஆண்டுகள் பழமையானது. ஆனாலும் ஏதென்ஸ் அவற்றை மிகப் பெருமளவில் அடித்தது, புதையல்களிலும் கூட்டங்கூட்டமாகக் கிடைக்கின்றன. ஆகவே சாதாரண ஆந்தை நாணயத்தைப் போலப் பல மடங்கு விலை பெறும் பத்தொன்பதாம் நூற்றாண்டு டாலர்கள் உண்டு. நாணயத்தின் மேலுள்ள ஆண்டையே அப்படியே நம்பிவிடவும் முடியாது. மரியா தெரேசா தாலர் என்ற ஆஸ்திரிய வெள்ளி நாணயம், அந்த அரசி இறந்த 1780ஆம் ஆண்டைத் தாங்கியபடியே, வியன்னாவில் மட்டுமல்லாமல் வேறு பல நாடுகளின் நாணயம் அடிக்கும் அக்கசாலைகளிலும் இருபதாம் நூற்றாண்டு வரை திரும்பத் திரும்ப அச்சாகியது. பிற்கால அச்சுகளில் பெரும்பாலானவை வெள்ளி விலையை ஒட்டியே விற்கின்றன.

எத்தனை அச்சடித்தார்கள் என்ற கணக்கும் பாதி உண்மைதான். அமெரிக்கா 1918ஆம் ஆண்டின் பிட்மன் சட்டத்தின்படி 27 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கியது. எந்த ஆண்டின் நாணயங்கள் எத்தனை உலைக்குப் போயின என்பதற்குக் கணக்கில்லை. நியூ ஆர்லியன்ஸ் அக்கசாலையில் 1903இல் 44 லட்சத்துக்கும் மேல் அடிக்கப்பட்ட மார்கன் டாலர் (வடிவமைத்தவரின் பெயரால் வழங்கும் அமெரிக்க வெள்ளி டாலர்), புதுநிலையில் கண்ணில் படாததால், பெரும்பகுதி உருக்கப்பட்டுவிட்டது என்றே சேகரிப்பாளர்கள் நினைத்தார்கள். விலையும் உச்சத்தில் இருந்தது. 1962இன் இறுதியில் அரசுக் கருவூலத்தின் பெட்டகங்களிலிருந்து மூட்டை மூட்டையாக அதே நாணயம் வெளியே வந்தது. விலை தரைமட்டமாயிற்று. நாணயத்தில் எதுவும் மாறவில்லை. எஞ்சியிருப்பது எவ்வளவு என்ற அறிவு மட்டுமே மாறியது. அரிது என்று விற்பவர் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த மூட்டைகள்தாம் நினைவுக்கு வரும்.

அடுத்தது நிலை. இதில்தான் பணம் பெருகுவதும் கரைவதும் அதிகம். சேகரிப்புலகில் 1 முதல் 70 வரையிலான ஷெல்டன் அளவுகோல் வழக்கத்தில் உள்ளது. 60உம் அதற்கு மேற்பட்டவையும் புழக்கத்தில் தேயாதவை. 63க்கும் 65க்கும் இடையிலான வேறுபாடு பழகாத கண்ணுக்குத் தெரியவே தெரியாது, ஆனால் அரிய ஆண்டு நாணயங்களில் அந்த இரண்டு எண்கள் விலையை மடங்குகளில் உயர்த்திவிடும். ஒரே விளக்கின் கீழ் நாணயத்தை மெல்லச் சாய்த்துத் திருப்பிப் பாருங்கள். தேயாத வெள்ளி நாணயத்தில் ஒளி, சக்கரத்தின் ஆரைகளைப் போல, பரப்பின் மேல் சுழன்று வரும். அச்சின் அழுத்தத்தில் உலோகம் விளிம்பை நோக்கிப் பாய்ந்தபோது உண்டான நுண்ணிய வரிகளே அதற்குக் காரணம். மார்கன் டாலரின் முகப்பிலுள்ள பெண்ணுருவத்தில் காதுக்கு மேலுள்ள முடிக்கற்றையை முதலில் பார்ப்பேன். மேடான இடம் என்பதால் தேய்மானம் அங்கேதான் தொடங்கும். ஆனால் அச்சு சரியாக அழுந்தாத நாணயங்களிலும் அதே இடம் மழுங்கியே இருக்கும், ஒளி சுழல்கிறதா என்பதைக் கொண்டுதான் இரண்டையும் பிரித்தறிய வேண்டும்.

இந்த வரிகளைத்தான் பற்பொடியும் மெருகுத் துணியும் அழிக்கின்றன. கறுத்திருக்கிறதே என்று தேய்த்துப் பளபளப்பாக்கப்பட்ட அரிய நாணயம், பாதி விலைகூடப் பெறாமல் போவதுண்டு. இயல்பாகப் படிந்த கருமை குறையாகாது. நீலமும் பொன்னிறமுமாகச் சீராகப் படிந்திருந்தால் அதற்கென்றே கூடுதல் விலை தருவோர் இருக்கிறார்கள்.

எந்த அக்கசாலையில் அடித்தது என்று காட்டும் அக்கசாலைக் குறி ஒரே ஓர் எழுத்துதான், விலையில் அதன் பங்கு பெரிது. 1893இல் சான் பிரான்சிஸ்கோவில் அடிக்கப்பட்ட மார்கன் டாலர்கள் ஒரு லட்சம் மட்டுமே. அதனால், அதே ஆண்டு வேறு அக்கசாலையில் அடித்த நாணயத்தின் பின்புறத்தில் ‘எஸ்’ எழுத்தை ஒட்டவைத்து ஏமாற்றுவது பழைய தொழில். உண்மையான நாணயங்கள் அனைத்தின் முகப்பும் ஒரே அச்சிலிருந்து வந்தவை என்பதால், ‘லிபர்டி’ என்ற சொல்லின் ‘டி’ எழுத்தின் உச்சியில் ஒரு சிறிய சாய்ந்த கோடு புடைத்திருக்கும். தேய்ந்த நாணயத்தில் அது மங்கியிருக்கலாம். அப்போது எடையையும் எழுத்தின் அடிப்பகுதியையும் பார்க்கத் தெரிந்த தரச்சான்று நிறுவனத்திடம் கொடுப்பதே வழி. அந்தச் சான்று இல்லாத அரிய நாணயத்துக்கு முழு விலை கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள்.